வாடகைச் சீட்டு

எங்கள் வீடு, எங்கள் வீடு என்றோம்.
ஒருநாளும் அது எங்களுடையதாக இருந்ததில்லை.
பிஸ்கட் டின்னில் சீட்டுகள் கிடக்கின்றன:
மாயழகு, துறைமுகக் கணக்கர், எட்டு வெள்ளி, 1931.
ஓரத்தில் சீன எழுத்தில் சிவப்பு முத்திரை.

கிங் ஸ்திரீட்டில் பதினான்கடி அகலம், எண்பதடி நீளம்.
நுழைந்தால் நடந்துகொண்டே இருக்கவேண்டும்.
நடுவில் கூரையில்லாத ஒரு சதுரம்,
மழைக்கென்று விட்டது.
அங்கேதான் அத்தை லோகாம்பாள் தலைக்குக் குளிப்பாள்.
நாகப்பட்டினக் கப்பலில் போன கணவனுக்காகப்
பதினோரு வருஷம் குங்குமம் வைத்தாள்.
ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்தினாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் வாடகை
வாழைமர நோட்டில், கட்டுக் கட்டாக.
ரயில் பாதைக்கு ஆள் பிடித்த வாரம்
தவ்கேயின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்
மாயழகு ஒன்பது நாள் மூச்சடக்கிக் கிடந்தார்.
அந்த மாதத்துக்கு மட்டும் சீட்டு இல்லை.

நான் பிறந்தபோது முப்பத்தெட்டு.
சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டிருந்தது,
ஒழுகும் கூரையை யாரும் கட்டவில்லை.
"இந்தக் காசு என் கோப்பிக்கே பத்தாது"
என்பான் தவ்கேயின் பேரன், சிரித்துக்கொண்டே.
நாங்களும் சிரித்தோம்.
ஓடு மாற்றச் சொல்ல எங்களுக்கு வாயில்லை.

இரண்டாயிரத்தில் சட்டம் போனது, நாங்களும் போனோம்,
ஆயர் ஈத்தாமில் பதினான்காவது மாடிக்கு.
முதல் மழைக்கு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

போன மாதம் அங்கே ஓர் இரவுக்கு அறை எடுத்தேன்.
நானூற்று இருபது ரிங்கிட்.
மனம் தானாக வகுத்தது: பதினோரு மாத வாடகை.
வரவேற்பில் இருந்த பெண் ஓர் அட்டை கொடுத்தாள்,
வீட்டின் வரலாறு.
மிளகு வணிகர் ஒருவரின் மாளிகையாம்.
"பசியாற ஏழு மணிக்கு முற்றத்துக்கு வாங்க" என்றாள்.
முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை.
அத்தை குளித்த இடத்தில் மீன்கள்.

படிக்கட்டில் ஏழாவது பலகை புதிது, உறுதியானது.
தெரிந்தும் கால் அதைத் தாண்டியே வைத்தது.
இரவு மழை. தலைக்கு மேல் அத்தனை சத்தம்,
தரையில் ஒரு சொட்டு இல்லை.

காலையில் கணக்கு முடித்தேன்.
சீட்டு மின்னஞ்சலில் வரும் என்றாள்.
தாளில்தான் வேண்டும் என்று நின்றேன்.
யார் பேருக்கு?
மாயழகு, என்றேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
முத்திரை கேட்டேன்.
அதெல்லாம் இப்போது இல்லையாம்.