அலை போடுகிற வேலை

எனக்குத் தந்த வேலை இதுதான்:
காற்று விழுந்து
கொக்கிளாய்க் களப்பு கண்ணாடியாய்க் கிடக்கிற விடியலிலே
வள்ளத்தைக் குறுக்கும் மறுக்கும் வலிச்சு
தண்ணியை உடைக்கவேணும்.
நாளுக்கு நாற்பது சதம்.

முதல்நாள் சிரிச்சுப்போட்டன்.
அலை போடவும் கூலி தருவாங்கள் எண்டு
ஆர் கண்டது?

திருகோணமலையிலிருந்து வரும் அது.
தோணிக்கு மேலே ரெண்டு தட்டுச் சிறகு,
நடுவிலே தொங்குகிற எஞ்சின்.
ஓட்டப் பழகுகிறவங்கள்
மீசை சரியாய் முளைக்காத கடற்படைப் பெடியள்.
கிளாக்கர் அருளப்புதான் விளங்கப்படுத்தினார்:
"தண்ணி அசையாமல் கிடந்தால்
மேலே இருக்கிறவனுக்குத் தண்ணி தெரியாது.
மேலேயும் வானம், கீழேயும் வானம்.
எவ்விடத்திலே முடியுது எண்டு காட்ட
ஒரு சுருக்கம் வேணும்.
அதுக்குத்தான் நீ."

களங்கட்டிக் கம்பெல்லாம் பிடுங்கச் சொன்னாங்கள்.
பிடுங்கினம். அந்த வருசத்து இறால் போச்சு.
மனுவேல் மட்டும் ரெண்டு கம்பை விட்டிட்டு
"சேத்துக்குள்ளே வேர் விட்டிட்டுது" எண்டான்.

கூழைக்கடாவுக்கு ஆரும் அலை போடுறேல்லை.
அது காலை முன்னுக்கு நீட்டி,
கொஞ்சத் தூரம் சறுக்கி,
இருந்திடும்.

மாசிப் பனி.
இரவு வள்ளத்துக்குள்ளே தண்ணி ஏறியிருந்தது.
பட்டையாலே இறைச்சு முடியமுன்னம்
சத்தம் கேட்டிட்டுது.
பட்டையைத் தூக்கி ஆட்டினன்.
அவனுக்கு அது வணக்கமாய்த் தெரிஞ்சிருக்கும்.

நல்ல வடிவாய்த்தான் இறங்கினான்.
பாதிப் பனை உயரத்திலே
தண்ணி வந்திட்டுது எண்டு நினைச்சு
எஞ்சினை அடக்கினான்.
ஒரு கணம்
இல்லாத தண்ணியிலே இருந்தான்.

பிறகு வந்தது அலை.
நான் போடாத அலை.
என்ரை வள்ளத்தைத் தூக்கித் தூக்கி வைச்சது.

மனுவேல் விட்ட கம்பிலே
சிறகு மாட்டிக் கிடந்தது.
அதாலே தோணி தாழேல்லை.
அதாலே பெடியன் தாழேல்லை.
கரையிலே கிடத்தேக்கை
உடைஞ்ச தாடையாலே என்னைப் பார்த்து ஏதோ சொன்னான்.
அருளப்பு அண்டைக்கு லீவு.

சனிக்கிழமை கூலியிலே நாற்பது சதம் குறைஞ்சது.
கம்பு பிடுங்காத குற்றத்துக்கு
மனுவேலுக்கு அஞ்சு ரூபா அபராதம்.
ரெண்டு பேரும் ஒண்டும் பறையேல்லை.

இப்பவும்
கிணத்தடி வாளியிலே தண்ணி அசையாமல் நிண்டால்
விரலாலே ஒருக்கால் தொட்டுவிட்டுத்தான்
முகம் கழுவுறன்.