புளிப்பு

கார்த்திகை பதினெட்டு. இரவுப் பணி. விடாத மழை.
மீட்டரில் ஐந்து புள்ளி எட்டு.
நம்பாமல் தாளை நனைத்துப் பார்த்தேன்.
தாளும் அதையே சொன்னது.

ஏதோ ஒரு மில்
நெல் ஊறிய தண்ணீரைச் சாக்கடையில் திறந்திருக்கிறது.
மழையோடு மழையாய்ப் போய்விடும் என்று நினைப்பு.
மூடி வழியே வரும் வாடை
மூன்று நாள் பழையசோறு.

கூத்தாநல்லூர் கழுவிவிடுவது எல்லாம்
இங்கேதான் வருகிறது:
தேக்சா எண்ணெய், நோன்புக் கஞ்சி வழித்த தண்ணீர்,
சோப்பு நுரை, பள்ளிக்கூடக் கக்கூஸ்,
யாரோ வாந்தியெடுத்தது.
தொட்டிக்குள் இருப்பவர்கள் முகம் சுளித்ததில்லை.
நான் அவர்களைப் பார்த்ததும் இல்லை.
பார்க்கத் திறந்தால் காற்றுப் பட்டுச் செத்துப்போவார்கள்.

காற்று உண்டாகும் முன்பே இருந்தவர்கள் என்று
பயிற்சியில் ஒருவர் சொன்னாராம்.
அப்போது நான் டீ வாங்கப் போயிருந்தேன்.
திரும்பி வந்து கேட்ட பாதி இது:
புளிக்கவைக்கிற கூட்டத்துக்கு அவசரம்.
அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக்குகிற கூட்டம் மெதுவானது,
புளிப்பு மிஞ்சினால்
சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சும்மா கிடக்கும்.

இரண்டு மணிக்கு எரிகம்பத்தில் சுடர் அணைந்தது.

ஜே.இ. போனை எடுக்கவில்லை.
வால்வை முழுதாக அடைத்தால்
ஊர்க்கழிவு நேரே வெண்ணாற்றில்.
அடைக்காவிட்டால் உள்ளே ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள்.
பாதி அடைத்தேன்.
அந்த மீதிப் பாதிக்கு
ஆறு என்னைத்தான் கேட்க வேண்டும்.

அப்துல் வதூது நனைந்துகொண்டே
சுண்ணாம்பு மூட்டைகளை இழுத்து வந்தார்.
"மொத்தமாக் கொட்டிடலாமா?"
வேண்டாம் அண்ணே,
வெற்றிலையில் தடவுகிற மாதிரி.
கூடினாலும் வெந்துபோகும்.

மரியதாஸ் இறங்கியது இந்தத் தொட்டியில் இல்லை,
ஒரு ஹாஸ்டல் தொட்டி.
மூடியைத் திறந்து அரைமணி நேரம் விட்டால் போதும் என்றார்களாம்.
அதற்குத்தான் எனக்கு இந்த வேலை.
அங்கும் உள்ளே இவர்கள்தான் இருந்திருப்பார்கள்.
முதல் மாதம் இவர்களோடு நான் பேசவில்லை.
இப்போது பேசுகிறேன்,
பெரும்பாலும் திட்டுத்தான்.

பதினொரு நாள்.
தினமும் கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் கழிவு,
நடுவில் இரண்டு கூடை சாணிக் கரைசல்.
நோட்டில்: ஆறு. ஆறு புள்ளி ஒன்று. மறுபடி ஆறு.
"கமிஷனர் வருகிறார், சுடர் எரிகிற மாதிரி
ஏதாவது செய்" என்றார் ஜே.இ.
கேஸ் சிலிண்டரைச் சொல்கிறார்.
காதில் விழாத மாதிரி நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் விடிகாலை
குழாயில் ஒரு குமிழ், கொஞ்சம் கழித்து இன்னொன்று.
வதூது தீப்பெட்டியைத் தேடினார், நமத்திருந்தது.
ஏழாவது குச்சியில் பிடித்தது.
வெளிச்சத்தில் சுடர் தெரியவே இல்லை.
கையை நீட்டினேன். சுட்டது.

ஆறு புள்ளி எட்டு என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.

அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கிறது.
அன்றைக்கு இரவு பிடித்த தண்ணீர்,
தேதியும் நேரமும் என் எழுத்தில்.
திங்கட்கிழமை வார விடுப்பு.
சாக்கடை வழியே மேலே நடந்தால்
ஏதாவது ஒரு மில்லின் பின்கதவு வரும்.