இடது காது

கேமராவோடு பிறந்த மைக்
கேமராவைத்தான் முதலில் கேட்கும்:
ஜூமின் மோட்டார், என் பெருவிரல் உரசல்,
மூக்கில் போய்வரும் மூச்சு.
மணப்பெண் எதிரே நின்று சிரித்தாலும்
பக்கத்து வீட்டில் சிரித்தாற்போல் இருக்கும்.

அதனால் தனி மைக்.
வள்ளியூர் பஜாரில் எண்ணூற்றைம்பது.
பின்னில் ஒரே ஒரு கறுப்புக் கோடு.
கேமராவின் ஓட்டைக்கோ இரண்டு கோடு வேண்டும்.
கோடு குறைந்தால் ஒரு காது குறையும்:
இடப்பக்கம் ஆள் பேசும்,
வலப்பக்கம் ஊர் காலி.
அதற்கும் ஒரு மாற்றுப் பின் வைத்திருந்தேன்.
சடங்கு வீடொன்றில் யாரோ மிதித்துப் போயிற்று.

சுயம்புகனி வந்தது ஆனிக் கடைசியில்.
பணகுடிக்குத் தெற்கே
கணவாயை விட்டு இறங்கும் காற்று
முதலில் கதவைத் தட்டுகிற வீடு.
பின்கட்டைத் தாண்டினால் காற்றாலை.
"கண்ணசந்து ரெண்டு வருசமாச்சு.
தாலுகா ஆபீஸ்ல ஆதாரம் கேக்காவ.
சத்தத்த மனுவுல எப்படி எழுத?
நீங்க புடிச்சுத் தாங்க."

புடிக்கப் போனேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
காற்றை வெளியே நிறுத்தும் வித்தை.
மகளின் கரடி பொம்மையை உரித்து
மைக்குக்குச் சட்டை தைத்தவன் நான்.

சட்டையைக் கழற்றினால்
தார்ப்பாய் கிழிகிற படபடப்பு.
அது மைக்கின் முகத்தில் காற்று அறைவது,
காற்றாலை இல்லை.
சட்டையை மாட்டினால்
காற்றும் இல்லை, ஆலையும் இல்லை.
ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு அவள்,
"எங்க வீடு இம்புட்டு அமைதியா இருந்தா
நான் எதுக்கு ஒங்களத் தேடி வாரேன்?"

பேட்டரி இறங்கியது. சார்ஜரைச் செருகினேன்.
உம்ம்ம் என்று ஓர் இரைச்சல்.
அவள் முகம் வெளுத்து, பிறகு மலர்ந்தது.
"இதான்! இதேதான்!"
இது கரண்ட்டு, அக்கா.
விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது.
பிடுங்கிவிட்டேன்.

ராத்திரி பதினொன்று. கதவு, ஜன்னல் சாத்தியாயிற்று.
தலையணைப் பக்கம் மைக்.
பேர் சொன்னாள், சர்வே எண் சொன்னாள்,
மாத்திரையின் பேரைத் தப்பாகச் சொல்லித் திருத்தினாள்.
பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தாள்.

இந்தக் கேமராவுக்கு ஒரு கெட்ட பழக்கம்.
பேச்சு வந்தால் காதைச் சுருக்கும்,
பேச்சு நின்றால் தானே அகட்டும்.
நிறுத்த ஒரு திருகு கிடையாது.
எத்தனை கல்யாணத்தில் திட்டியிருக்கிறேன்:
கெட்டிமேளம் ஓய்ந்த நொடியில்
சாம்பார் வாளிச் சத்தம்
தாலியின் மேல் வந்து விழும்.

அன்றைக்கு அவள் சும்மா இருந்தாள்.
கேமரா காதை அகட்டியது.
ஒரு பல்லி. அவள் வளையல். இன்னும் அகட்டியது.
சுவருக்கு அடியிலிருந்து
வூம்.
வூம்.
வூம்.
மூன்று இறக்கை, ஒவ்வொன்றும் முறை வைத்து
அந்தக் கட்டிலைக் கடந்து போயிற்று.
ஹெட்போன் என் தலையில்தான் இருந்தது.
என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு
"வந்துட்டா?" என்றாள்.

ராதாபுரம். மேஜையில் லேப்டாப்.
அதன் ஸ்பீக்கர் எட்டணா அகலம்,
கனத்த சத்தம் அதில் நுழையாது.
அதிகாரி அரை நிமிடம் பார்த்தார்.
"ஒண்ணும் இல்லையேம்மா,
சும்மா உக்காந்திருக்கீங்க."
ஹெட்போனை நீட்டினேன்.
வாரிய தலை கலையாமல்
ஒரு பக்கத்தை மட்டும் காதருகே பிடித்தார்.
உதட்டைப் பிதுக்கினார்.
வலப்பக்கம்.

"சார், அந்தப் பக்கம்" என்றேன்.
திருப்பினார்.

சுயம்புகனி அவரைப் பார்க்கவில்லை,
மனுவின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.
முதல் முறை பேனாவை வைத்தார்.
அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.
அப்புறம் வாசல் பக்கம் தலையைத் திருப்பி,
"ஏய், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்து."