யாரோ நினைக்கிறார்கள்

தேநீர் புரையேறிய முதல் நாள்
நாத்தனார் உச்சந்தலையில் தட்டினாள்:
"யாரோ உன்னை நினைக்கிறாங்க."
வியாசர்பாடி அண்ணனாக இருக்கும் என்று
கண்ணில் நீர் வழியச் சிரித்தேன்.
கப்பலேறிப் போய் ஐம்பது வருடம்.
நினைத்தால் நல்லதுதானே.

மறுநாள் மொய்ங்காவில் இரண்டு முறை.
வாழைத்தண்டு நறுக்கு ஒன்று
போகவுமில்லை, வரவுமில்லை.
அந்த வாரமே வெறும் தண்ணீருக்கு.
பிறகு நடுராத்திரியில்
என் எச்சிலுக்கே.
இத்தனை பேர் நினைக்க நான் யார்?
மோல்மேன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
ரவிக்கைக்குக் காஜா எடுக்கிறவள்.

டாக்டர் டின் டின் வே
தொண்டைக்கு முன்னால் காலைப் பார்த்தார்.
இடது கால். நாலு வயதுக் காய்ச்சல்.
"அப்போது விழுங்க முடிந்ததா?"
அம்மா பஞ்சில் பால் நனைத்து
உதட்டில் வைத்தாளாம்.
அதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை.
காலுக்குத்தான் பேர் வைத்தார்கள்,
அந்தப் பேரைத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"செத்த நரம்புகளின் வேலையையும்
மிச்ச நரம்புகள் சேர்த்துப் பார்த்தன.
களைத்துவிட்டன" என்றார்.
ஓவர்டைம்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
என் விரல்களும் அப்படித்தான்.

இப்போது சோற்றுக்குச் சட்டம் உண்டு.
மோவாயைத் தாழ்த்து.
பலமில்லாத இடப்பக்கம் திரும்பி அதை மூடு,
வலப்பக்கத்தால் அனுப்பு.
ஒரு வாய்க்கு இரண்டு விழுங்கல்.
பேசாதே.
தண்ணீரும் கெட்டியாக.
கெட்டித் தண்ணீரை நீங்கள் குடித்ததில்லை.
கூழென்றால் கூழ் என்று குடிக்கலாம்,
தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தால்தான்
தாகம் கூடுகிறது.

கல்யாணப் பந்தியில்
வலப்பக்கம் உட்கார்ந்த சம்பந்தியம்மாளுக்குக் கோபம்,
கவளத்துக்குக் கவளம்
நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேனாம்.
அதோடு பந்தி போயிற்று.

வீட்டில் இடப்பக்கம் சுவர்.
அரிசி மில் காலண்டர், ஒரு பல்லி.
மழைக்காலம் முழுக்க
அவற்றோடு சாப்பிட்டேன்.

நேற்று தவசி
தட்டைத் தூக்கிக்கொண்டு
சுவருக்கும் எனக்கும் நடுவே நுழைந்தார்,
தொந்தி மேசையில் இடிக்க.
"அங்கிட்டுப் போங்க, சிரிச்சா ஏறிரும்."
ஒன்றும் பேசவில்லை மனுஷன்.
பல்லி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஏறிவிட்டது.
இருமி, இருமி, நெஞ்சு நொந்து
நிமிர்ந்தபோது
அவர் கை என் தலைக்கு மேலே
தட்டலாமா கூடாதா என்று நின்றிருந்தது.
யார் நினைக்கிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.

மோவாயைத் தாழ்த்தினேன்.
திரும்பினேன்.
பாதித் தட்டுச் சோறு இன்னும் கிடந்தது.