பொட்டு வைத்த அட்டை

முகம் காட்டச் சொன்னது செயலி.
ஒரே ஒரு முகம்தான் தெரியவேண்டுமாம்.

எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை.
காசிமேட்டு ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி, ஓர் அறை.
எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது வருவார்கள்:
அண்ணி, அவள் தோளில் சின்னவன்,
பாய்க்கு வெளியே நீளும் பெரியவன்,
அம்மாவின் இருமல்.
'மற்றொரு முகம் உள்ளது' என்றது
நான்கு முறை.
நான்காம் முறை அது கண்டுபிடித்தது
காலண்டரில் இருந்த முருகனை.

மொட்டைமாடிக்குப் போனேன்.
தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில்
துறைமுக விளக்கு வந்து விழும் இடம்.
கண்ணை மூடித் திற என்றது. திறந்தேன்.
தலையை இடப்பக்கம் திருப்பு என்றது. திருப்பினேன்.
பெண்பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு கேட்கவில்லை.

ஆதார், பான், பிறந்த தேதி, அப்பா பெயர்.
பெயரே வேண்டாத காசு என்றுதானே
ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றும் கஜபதி சொன்னான்?
"யார் வாங்குனாங்கன்னு யாருக்கும் தெரியாதுக்கா."
யாருக்கும் என்றால் யாருக்கு?
கணக்கு எழுதுகிறவள் நான், கேட்டிருக்கவேண்டும்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான்.
ஒரு முழு பிட்காயினில் அது
கொடுவா மீனில் ஒரு செதிள்கூட வராது.
ஆனாலும் என் செதிள்.
சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கிவைக்க
வீட்டில் வேறு இடமில்லை.
அரிசிப் பானை, தலையணை உறை, சாமி படத்தின் பின்புறம்,
எல்லாவற்றிலும் ஏற்கெனவே
யாரோ எதையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

அட்டையை எடுத்தேன்.
முன்னால் பதினாறு எண்கள், புடைத்த எழுத்தில் குணவதி.
இருட்டில் தடவினாலே படித்துவிடலாம்.
பின்னால் மூன்று எண்கள்.
அவற்றின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு,
எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் ஒருவன்
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நாளிலிருந்து.
மூன்றும் எனக்கு மனப்பாடம்.
அந்தக் கணக்கில் இரண்டாயிரத்துக்குமேல் வைப்பதில்லை.
போனால் அதோடு போகட்டும்,
மீதி வேறொரு பாஸ்புக்கில்.

எல்லாம் சரியாக இருந்தது.
'உங்கள் செல்பேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பப்பட்டுள்ளது.
யாரிடமும் பகிர வேண்டாம்.'

என் செல்பேசி கையில் சும்மா இருந்தது.

கணக்குத் திறந்தபோது எனக்குப் பதினாறு வயது.
போன் கிடையாது. அண்ணன் எண்ணைக் கொடுத்தோம்.
மறந்தே போயிருந்தேன்.
இத்தனை வருடம் என் வளையல், என் மாத்திரை,
என் ஒவ்வொரு நூறு ரூபாயும்
அண்ணன் சட்டைப்பையில் மணி அடித்திருக்கிறது.
அண்ணன் தேசப்பன் அந்நேரம்
சிக்னல் எட்டாத ஆழத்தில்
வலைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

நேரம் முடிந்தது என்றது செயலி.

விடியற்காலை, ஏலம் சூடு பிடித்திருந்தது.
ஐஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
படகைக் கட்டக்கூட இல்லை,
அணியத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்து
அண்ணன் கத்தினான், மீன் விலை கூவும் அதே தொண்டையில்:
"குணா! பேங்க்லருந்து நம்பர் வந்துகீது!
எட்டு! பூஜ்யம்! மூணு! மூணு!"
ஏலக்காரர் ஒரு நொடி நின்றார்.
"எட்டாயிரத்து முப்பத்து மூணு யாரு?"
ஒரு கூடை சங்கரா
அந்த விலைக்குப் போயிருக்கும்.

மறுநாள் வங்கியில் படிவம்.
பழைய எண்ணை ஏன் மாற்றுகிறீர்கள்?
"அது கடலுக்குப் போயிடுதுங்க."
எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.
தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்.

இரவுச் சோற்றின்போது அண்ணன் ஒன்றுதான் கேட்டான்:
"நம்பர் சொன்னேனே, வேலை ஆச்சா?"
ஆச்சு என்றேன்.
ஆகவில்லை.

நேற்று பொட்டின் ஓரம் தூக்கியிருந்தது.
உரித்தேன். எண்கள் மூன்றும் பசையோடு வந்துவிட்டன,
தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல்.
அட்டையின் முதுகு வெறும் வெள்ளை.

பசை இன்னும் கொஞ்சம் இருந்தது.
நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு
வேலைக்குக் கிளம்பினேன்.