இல்லாத வளைவு

நவகிரியில் தொடங்கி நாற்பது நாள்.
நான் கோல் குத்தி ஆழம் சொல்ல
எழுதிக்கொண்டே வந்தார் சேவையர் நல்லரெத்தினம்.
வெல்லாவெளி, மண்டூர், பட்டிருப்பு, மண்முனை;
மூன்று கொப்பி நிறைந்தது.

புளியந்தீவில் அவர் வீட்டு விளக்குத் தெரிந்தபோதுதான்
தோணி கவிழ்ந்தது.
நெஞ்சளவுத் தண்ணி. நீந்தக்கூடத் தேவையில்லை.
கொப்பிகள்தான் போயின.

பிறகு கலண்டர்த் தாளின் பின்புறம்
நினைவிலிருந்து வரைந்தார்:
முதலை கிடந்த இடம் நாலு முழம்,
எனக்குக் காய்ச்சல் கண்ட துறை ஏழு.

கொழும்பில் அச்சாகி வந்த படத்தில்
வெல்லாவெளிக்குக் கீழே
ஆறு ஒருதரம் மேற்கே திரும்புகிறது.
அங்கே அப்படி வளைவு கிடையாது.
அந்தப் பின்னேரம் கோலைக் கிடத்திவிட்டு
தோணியை அதன்பாட்டில் விட்டிருந்தோம்;
என்ன கதைத்தோமென்று ஞாபகமில்லை.

அதற்கும் ஆழம் போட்டிருக்கிறார்.
ஒன்பது முழம்.