இறக்கும் வேலை

பதினேழாவது கொண்டை ஊசி தாண்டியதும்
ஜீப்பிலேயே கயிற்றைப் பிரித்துப் பார்த்தேன்.
போன வாரம் இதே கயிற்றில்தான்
நாகலூரில் ஒரு கம்பெனியை ஏற்றினேன்.
இன்று மஞ்சக்குட்டையில் ஒன்றை இறக்க வேண்டும்.
கூலி இரண்டுக்கும் ஒன்றே.
இறக்குவதற்கு மட்டும்
மூன்று இடத்தில் கையெழுத்து.

டவர் நாற்பது மீட்டர்.
ஆன்டெனா எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.
எது யாருடையது என்று
முதுகில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.
கீழே சேலத்தில் இவர்களுக்குள்
சுவருக்குச் சுவர் சண்டை.
ஐந்து ரோட்டில் ஒருவன் குடை விரித்து
சிம் இலவசம் என்றான்.
எதிர்க்குடைக்காரன்
சிம்மோடு தட்டுவடை செட்டும் இலவசம் என்றான்.
நான் இரண்டு குடையிலும் நின்றேன்.
தட்டுவடையில் காரம் போதவில்லை.
இங்கே மேலே
ஒரே இரும்பில், ஒரே ஜெனரேட்டர் டீசலில்
தோளோடு தோள் உரச
மூவரும் ஒரே பனியில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது கழட்டப்போகிறவன்
ஒரு ஜிபி இருநூற்றைம்பதுக்கு விற்றவன்.
பிறகு ஒருவன் வந்து சும்மா கொடுத்தான்.
சும்மாவிலிருந்து
எவ்வளவு குறைப்பது?

ஹார்னஸ் மாட்டும்போது ராமாயி வந்தாள்.
பிளாஸ்டிக் கவருக்குள் போன்.
செவ்வாய்ப்பேட்டை மண்டியின் மிளகு விலை
தினமும் காலை அதில்தான் வருமாம்.
"மூணு புள்ளி காட்டுதே, அதையா கழட்டுற?"
"வேற கம்பெனிக்கு மாறச் சொல்லி மெசேஜ் வந்திருக்குமே."
"தினம் பத்து வருது. ஒண்ணுல
எனக்குக் கார் விழுந்திருக்குன்னான்.
எதை நம்புறது?"
"நம்பர் அப்படியே இருக்கும்."
"முப்பத்தேழு ரூபா போட்டு வச்சிருக்கேனே, அது?"

போல்ட் எட்டு. கேபிள் ஆறு.
எடை இருபத்திரண்டு கிலோ.
எல்லாம் தாளில் இருக்கிறது.
முப்பத்தேழு ரூபாய் எந்த இடத்தில் இருக்கிறதென்று
எந்தப் படத்திலும் குறிக்கவில்லை.
ஏறிவிட்டேன்.

முப்பதாவது மீட்டரில்
சில்வர் ஓக் உச்சிகள் காலுக்குக் கீழே போயின.
மேகம் விலகிய பக்கம் சேலம்,
யாரோ கொட்டிவிட்டு அள்ள மறந்த
ஜல்லி மாதிரி.
ஐந்தாவது கேபிளைக் கழட்டும்போது
நசீர் அண்ணன் அழைத்தார்.
ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் இருக்கிறார்.
வாசல் போர்டு மூன்று முறை மாறியும்
நாற்காலி மாறாதவர்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
கையில் ஸ்பேனர்.
"என்னப்பா, முடிஞ்"

ஆறாவது கேபிள்.

என் சிம்மும் இந்தக் கம்பெனிதான்,
வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தது.
முடிந்தது அண்ணே என்று
காற்றிடம் சொன்னேன்.

ஆன்டெனா கயிற்றில் தொங்கியது.
காற்று அதை மரத்தின் பக்கம் தள்ளியது.
வழிக்கயிறு பிடிக்க வேண்டிய பையன்
டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை.
கீழே பார்த்தேன்.
போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
ராமாயி கயிற்றைப் பிடித்திருந்தாள்.
நான் சொல்லவில்லை.
காலை அகட்டி ஊன்றி,
மாட்டைப் பிடிப்பதுபோல் சாய்ந்து,
தன் மூன்று புள்ளியையும்
ஒரு கிளையிலும் படாமல்
தரையில் உட்காரவைத்தாள்.

இருநூறு கொடுத்தேன்.
வாங்கி எண்ணாமல் கேட்டாள்:
"மிச்சம் ரெண்டுல எது நல்லாப் பிடிக்கும்?"

நிமிர்ந்து பார்த்தேன்.
இரண்டையும் முறுக்கியவன் நான்தான்.
எதில் துரு குறைவோ
அதைச் சொன்னேன்.